நாலாவது படியில் கூப்பிடும் இயந்திரம்

1

நாலாவது படியின் விலை நாற்பதாயிரம். எதிர்க்கடைக்காரர் கேட்ட விலை அது. கடைக்காரி கொடுக்கவில்லை.

கல்லையும் சிமெண்டையும் யாரும் விலை பேசவில்லை. அந்தக் குழாய்க் கடைக்குத் தெருவிலிருந்து ஆறு படி. மழைத் தண்ணீர் ஏறாமலிருக்க யாரோ உயர்த்திக் கட்டியது. "வேண்டாம், வேற எடத்துல பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு இறங்குகிற ஆளை முதல் படியிலேயே கூப்பிட்டால், நாம் தவிக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஐந்தாவது படியில் எதிர்க்கடையின் பலகை கண்ணில் பட்டுவிடும். அப்புறம் எவ்வளவு கூப்பிட்டாலும் காதில் விழாது. நாலாவது படியில் மட்டும் மனிதருடைய கால் கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்துக்குள் கூப்பிட வேண்டும். கத்தக் கூடாது. எதையோ சொல்ல மறந்துபோனவள் மாதிரி, "அட, நில்லுங்க" என்று. பதினாறு வருடத்தில் இப்படிக் கூப்பிட்டும் திரும்பாதவர்கள் இரண்டே பேர் என்பது கடைக்காரியின் கணக்கு. ஒருவருக்குக் காது கேட்காது. மற்றவர் வழி விசாரிக்க வந்தவர்.

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகியது. வாஷர் வாங்கப் போனேன். கல்லாவில் கடைக்காரியின் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவள் மென்பொருள் எழுதுகிறவள், கடைக்குப் புதுசு. வாஷர் எந்த டப்பாவில் என்று தெரியாமல் எட்டு டப்பாவைத் திறந்து மூடினாள். அந்த எட்டு டப்பா நேரத்தில் கதையின் முதல் பாதியைச் சொல்லிவிட்டாள். மறுபாதியை அவளுடைய அலுவலக வாசலில் கேட்டேன். கடையில் ஏன் கேட்கவில்லை என்பது போகப் போகத் தெரியும்.

நான் பேரம் பேசுகிற குடும்பத்தில் வளர்ந்தவன். சும்மா கிடைப்பதைக் கண்டால் எங்களுக்குச் சந்தேகம் வரும். "இந்தக் கதைக்கு என்ன விலை?" என்று கேட்டேன்.

"சும்மா எடுத்துக்கங்க. எப்படி வேணா மாத்திக்கங்க. ஒண்ணே ஒண்ணு, எங்க எங்க மாத்தினீங்கன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியணும்."

அவள் எழுதுகிற மென்பொருளுக்கும் இதே நிபந்தனைதானாம். அதனால்தான் கீழே அடைப்புக்குறிகளும், பாதியில் நிற்கிற வாக்கியங்களும் அப்படியே கிடக்கின்றன. சட்டையின் உள்பக்கத் தையல் வெளியே தெரிகிறதே என்று தையல்காரனைத் திட்டாதீர்கள். பேசிய பேச்சு அப்படி.

(வாஷருக்கு மட்டும் ஒரு காசு குறைக்கவில்லை.)

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

முதலாவது: "காலை ஒன்பது மணிக்குக் குழாய்க் கடையின் ஷட்டர் கடகடவென்று மேலே ஏறியபோது, தெருவில் —"

விட்டுவிட்டேன். கடையைப் பற்றிய எல்லாக் கதையிலும் ஷட்டர்தான் முதலில் ஏறுகிறது. ஒரு தடவையாவது அது பாதியில் மாட்டிக்கொண்டால் எழுதலாம்.

இரண்டாவது: "இயந்திரம் பேசுமா என்ற கேள்வி மனித குலத்தை —"

இதையும் விட்டேன். என் பெரியப்பா ஜவுளிக்காரர். சரக்கைக் காட்டுவதற்கு முன்னால் மனித குலத்தைப் பற்றிப் பேசுகிறவனிடம் அவர் ஒரு முழம் துணிகூட வாங்க மாட்டார்.

மூன்றாவது ஒரு மருத்துவருடைய அறையில் தொடங்குகிறது. இதை வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால், இதில் ஒருத்தி தோற்கிறாள்.

3

"மூணு மாசம்," என்றார் மருத்துவர். "ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னு பேசறதும் கூடாது. அது இன்னும் மோசம்."

தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். அக்காவின் மடியில் ஒரு குறிப்பேடு. பக்கத்து நாற்காலியில் தங்கை. அக்கா எழுதிக் காட்டினாள்: ஒண்ணரை?

"என்னம்மா இது?"

"ஒண்ணரை மாசம் போதுமான்னு கேக்கறாங்க, டாக்டர்," என்றாள் தங்கை, தரையைப் பார்த்துக்கொண்டே.

"தொண்டைல கத்தி வெச்சிருக்கேன்மா. மூணு."

அக்கா எழுதினாள்: ரெண்டு. அடியில் இரண்டு கோடு போட்டாள். கடைசி விலை என்று அர்த்தம்.

"மூணு. அதுக்கப்புறமும் ஒரு நாளைக்குப் பாதி நேரம்தான் பேசலாம். பழைய மாதிரி தெருவரைக்கும் கேக்கற குரல் வரும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன்."

அக்கா குறிப்பேட்டை மூடினாள். பையைத் தோளில் மாட்டினாள். எழுந்து கதவை நோக்கி நடந்தாள். அந்த நடை தங்கைக்குத் தெரியும். மெத்தை வாங்கிய கடையிலும், பள்ளிக் கட்டணம் கட்டிய அறையிலும் அக்கா இப்படித்தான் நடந்தாள். இரண்டு இடத்திலும் பின்னாலிருந்து குரல் வந்தது. இப்போது அக்காவின் கை கைப்பிடியில் இருந்தது. கைப்பிடியை அவள் திருகவில்லை.

மருத்துவர் அடுத்த நோயாளியின் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தாள். குறிப்பேட்டைத் திறந்தாள். எழுதினாள்: மூணு.

"யாரும் கூப்பிடாம அக்கா திரும்பி வந்து நான் பாத்ததே இல்ல," என்றாள் தங்கை என்னிடம். "ஆபரேஷன் அன்னிக்குக்கூட எனக்குப் பயம் இல்ல. அதைப் பாத்தப்புறம்தான் வந்துது."

(இந்த இடத்தில் தங்கையின் கண்ணில் ஒரு துளி வைத்திருந்தேன். அவள் படித்துவிட்டு, "நான் அழுவல, தும்மினேன்" என்று எழுதியனுப்பினாள். துளி நீக்கப்பட்டது.)

4

குரல் இல்லாமல் நாலாவது படியில் எப்படிக் கூப்பிடுவது? அக்கா முதலில் கைதட்டிப் பார்த்தாள். இறங்குகிறவர்கள் தங்களுக்குப் பாராட்டு என்று நினைத்து இன்னும் மிடுக்காக இறங்கினார்கள். அடுத்து, ஸ்பேனரால் இரும்புக் குழாயைத் தட்டினாள். ஏதோ சரிந்து விழுகிறதென்று நாலு பேர் ஓடினார்கள். அதில் ஒருவர் அப்போதுதான் வாங்க முடிவு செய்தவர்.

"கடைல பாதி வியாபாரம் ஃபோன்லதானே, அதை நான் பாத்துக்கறேன்," என்றாள் தங்கை. அலுவலகத்தில் அவள் வேலையே அதுதான்: பெரிய பெரிய நிறுவனங்களுக்குப் பேசும் இயந்திரம் செய்து கொடுப்பது. வாடிக்கையாளர் செய்தி அனுப்பினால் ஆளுக்குப் பதிலாக அது பதில் சொல்லும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலுக்குள் கடைக்கும் ஒன்று செய்து மாட்டினாள். விலைப்பட்டியலை ஊட்டினாள். எவ்வளவுவரை குறைக்கலாம் என்பதையும் ஊட்டினாள். திங்கட்கிழமை, கடையின் பழைய வாடிக்கைக்காரரான ஒல்லிப் பிளம்பர், தண்ணீரை அடைக்கிற வால்வு கேட்டு, செய்தியில் முதல் ஆளாக வந்தார்.

"பால் வால்வு ஒரு டஜன் என்ன ரேட்டு?"

"வணக்கம்! ஒரு டஜன் தொள்ளாயிரம்."

"எண்ணூறு போட்டுக்கங்க."

"எண்ணூற்று எண்பதுக்குத் தரலாம்."

"வேண்டாம். வேற எடத்துல பாத்துக்கறேன்."

"சரி, நன்றி! உங்கள் நாள் இனிதாகட்டும். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?"

பிளம்பர் ஃபோனை உற்றுப் பார்த்தாராம். பதினாறு வருடமாக அந்தக் கடையில் 'வேண்டாம்' என்றால் 'இன்னும் கொஞ்சம் பேசலாம்' என்று அர்த்தம். இப்போது, பேசிக்கொண்டிருக்கும்போதே முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாற்போல் இருந்தது. ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்திவிட்டு, போய் எதிர்க்கடையில் வாங்கினார்.

அந்த வாரம் கடை இருபத்திரண்டு வாடிக்கையாளர்களை இழந்தது. நட்சத்திரங்கள் மட்டும் தொண்ணூற்றெட்டு வந்தன.

அக்கா குறிப்பேட்டில் எழுதினாள். அழுத்தத்தில் அடுத்த மூன்று தாளிலும் எழுத்து பதிந்தது: உன் மெஷின் வந்தவங்களை வழியனுப்பி வெக்குது.

5

இங்கே கொஞ்சம் கட்டுரை மாதிரி இருக்கும். அவசரக்காரர்கள் ஆறாவது பகுதிக்குப் போகலாம். நாலாவது படியில் கூப்பிடுகிறேன்.

பேசும் இயந்திரத்தை யாரும் அடித்தளத்திலிருந்து கட்டுவதில்லை. கதவு, ஜன்னல், கூரை எல்லாம் முன்பே வெட்டிச் சேர்த்த சட்டகங்கள் கிடைக்கின்றன; எடுத்துப் பூட்டி, உள்ளே நம் சாமானை அடுக்கிக்கொள்ள வேண்டியதுதான். இவர்கள் அதை ஃப்ரேம்வொர்க் என்கிறார்கள். பல சட்டகங்களை இலவசமாகவே கொடுக்கிறார்கள். இருந்தும் மாதத்துக்கு ஒருவர் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டு வருகிறார். ஏன்? விசாரித்ததில் எனக்குக் கிடைத்த காரணங்கள்: பழையது சரியில்லை; பழையது சரிதான், ஆனால் எப்படிப் பூட்டுவது என்று எழுதிவைத்தவருக்கே புரியவில்லை; பழையது எல்லா விதத்திலும் நன்றாக இருக்கிறது, ஆனால் அதை இன்னொருவர் கட்டிவிட்டார். மூன்றாவதுதான் அதிகம். ஜவுளிக்காரர்களுக்குள்ளும் அப்படித்தான்.

தங்கையின் அலுவலகத்தில் டீம் லீட் கேட்டார்: "நாப்பது இருக்கு. நாப்பத்தொண்ணாவது எதுக்கு?"

"நாப்பதுலயும் ஒரே கோளாறுங்க. நாம பேசினா அது பேசும். நாம சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும்."

"அது கோளாறா? நம்ம ஆபீஸ்ல எனக்கு அந்த மாதிரி நாலு பேர் வேணும்."

"விளையாடாதீங்க. எங்கக்கா கடைல ஆள் பேசறப்ப வியாபாரம் நடக்கறதே இல்ல. வாயை மூடிட்டு எறங்கறப்பதான் நடக்குது. அந்த நேரத்துல என்ன நடக்குதுன்னு பாக்கறதுக்கு இந்த நாப்பதுல ஒண்ணுலகூட எடமே வெக்கல."

அவளுக்கு வேண்டியது, மௌனத்தையும் ஒரு சொல்லாக எண்ணுகிற சட்டகம். வாடிக்கையாளர் 'வேண்டாம்' என்று அனுப்பிய பிறகு எத்தனை நிமிடம் சும்மா இருக்கிறார், நடுவில் எத்தனை முறை திறந்து பார்க்கிறார், ஏதோ தட்டத் தொடங்கி ஏன் அழிக்கிறார் என்று கவனித்து, அவருடைய கால் எந்தப் படியில் இருக்கிறது என்று கணிக்கிற ஒன்று.

காரணம் இவ்வளவுதான். இதை எழுத எனக்கு நூற்றைம்பது சொல்லுக்கு மேல் ஆனது. அக்காவாக இருந்தால் மூன்று சொல்லில் முடித்திருப்பாள்.

6

கட்டினாள். விடுப்புப் போட்டு, மூன்று வாரம் கடையின் பின்னறையில், தீப்பெட்டி அளவு இடத்தில் கணினியை வைத்துக்கொண்டு கட்டினாள். முன்னால் அக்கா வாய் திறக்காமல் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். இடையிடையே குறிப்பேட்டுத் தாள் ஒன்று கதவிடுக்கில் உள்ளே வரும். "இன்னிக்கு அஞ்சு பேர் போனாங்க." "இன்னிக்கு ஏழு." ஒரு தாளில் வெறும் எண் மட்டும்.

புதிய இயந்திரம் ஓடத் தொடங்கிய முதல் நாள் அற்புதமாக ஓடியது. போனவர்களில் ஒன்பது பேரைத் திருப்பிக் கொண்டுவந்தது. இரண்டாம் நாள் ஒல்லிப் பிளம்பர் கடைக்கே வந்து நின்றார். முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை.

"சின்னக்கா, ஒரு சந்தேகம். நேத்து வால்வு எண்ணூத்தி நாப்பதுக்கு சரின்னு சொன்னேன். பணமும் அனுப்பிட்டேன்."

"ஆமா."

"அப்புறம் வேலைக்குப் போய் மாடித் தொட்டிக்குள்ள எறங்கிட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு மேல வந்து பாக்கறேன், உங்க மெஷின் எண்ணூறுங்குது."

"என்னது?"

"அதுக்குள்ள எழுநூத்தம்பதுங்குது. நான் ஒண்ணுமே சொல்லல. சும்மாதான் பாத்துட்டிருந்தேன். ஐநூத்தி நாப்பது வரைக்கும் வந்துது. சரி, திரும்பவும் தொட்டிக்குள்ள எறங்கி ஏறினா இன்னும் கொறையுமான்னு பாத்தேன்."

"கொறைஞ்சுதா?"

"நானூத்தித் தொண்ணூறு. கடைசியா என்ன அனுப்பிச்சுதுன்னு பாருங்க." ஃபோனை நீட்டினார். அதில் இருந்தது: 'கோபமா இருக்கீங்களா?'

வாங்கி முடித்துவிட்டு வேலைக்குப் போனவனுடைய மௌனமும், வாங்காமல் இறங்குகிறவனுடைய மௌனமும் இயந்திரத்துக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன. எவ்வளவுவரை குறைக்கலாம் என்ற எல்லையைப் புதியதில் ஊட்ட அவள் மறந்திருந்தாள்; வாங்கியவர்கள் எல்லாரையும் அது நாள் முழுக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குறைத்திருந்தது. மீதிப் பணத்துக்கு அன்று பதினான்கு பேர் வரிசையில் நின்றார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் எண்ணிக் கொடுத்தாள். சொன்ன விலை சொன்ன விலைதான். கொடுத்து முடித்துவிட்டுப் பின்னறைக்கு வந்தாள். எழுதவில்லை. தங்கையின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். சின்ன வயதில் தட்டிய அதே அளவுதான் என்றாள் தங்கை. அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

(பணத்தில் நான் கை வைக்கவில்லை. நானூற்றுத் தொண்ணூறு உண்மை. 'கோபமா இருக்கீங்களா' மட்டும் நான் சேர்த்தது.)

ஒரு கடையின் மௌனம் போதாது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. நிறையக் கடைகளின் மௌனம் வேண்டும். தனி ஆள் அதைச் சேர்க்க முடியாது. அதனால் எழுதியது மொத்தத்தையும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தாள். ஓப்பன் சோர்ஸ் என்பது அதுதான். பெயர் வைத்தாள்: நாலாம்படி.

வந்தார்கள். பழைய மோட்டார் சைக்கிள் விற்கிறவர் ஒருவர் எழுதினார்: எங்களுக்குப் படி கிடையாது, வாங்க வந்தவர் ஹெல்மெட்டை எடுத்துப் பட்டையை மாட்டாமல் நிற்பார், அப்போது கூப்பிட வேண்டும். குடைக் கடைக்காரி எழுதினாள்: விலை கேட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பவரைக் கூப்பிடவே வேண்டாம், வானம் கூப்பிடும். பாத்திரக் கடையில் வேலை செய்கிற பெண் எழுதினாள்: யாரிடமோ ஃபோனில் பேசுவதுபோல் காதில் வைத்துக்கொள்வார்கள், மறுமுனையில் ஆள் இருக்காது. (பொத்தான் வியாபாரி ஒருவரையும் எழுதியிருந்தேன். அவர் ரொம்ப அழகாகப் பேசினார். நிஜத்தில் அப்படி ஓர் ஆள் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. நீக்கிவிட்டேன்.) ஒரு மாதத்துக்குள் பதினேழு தொழில்களின் மௌனம் சேர்ந்தது. இயந்திரம் வாங்கியவர்களை விட்டுவிட்டு, இறங்குகிறவர்களை மட்டும் கூப்பிடக் கற்றுக்கொண்டது. ஒல்லிப் பிளம்பர் ஒருநாள் உண்மையாகவே கோபித்துக்கொண்டார்: "இப்பல்லாம் அக்கா மாதிரியே பேசுது. நாலு காசு மிச்சம் பண்ண முடியல."

7

இப்போது எதிர்க்கடைக்காரர் வர வேண்டும். இவரை எழுதத்தான் சிரமப்பட்டேன்.

என் முதல் பிரதியில் அவருக்குத் தடித்த மீசை. பல் குத்திக்கொண்டே பேசுவார். சதி செய்வார். தங்கை படித்துவிட்டு எதிர்ப்புத் தெரிவித்தாள்.

"அவர் ரொம்ப நல்லவருங்க. அக்கா ஆஸ்பத்திரில இருந்தப்ப ஒரு வாரம் எங்க கடையையும் அவர்தான் தெறந்து மூடினார்."

"கதைக்கு ஒரு வில்லன் வேண்டாமா?"

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"சரி, நல்லவராவே இருக்கட்டும். மீசையையாவது விட்டுவெக்கறேன்."

"அவருக்கு மீசையே கிடையாது."

(மீசை நீக்கப்பட்டது. அதை எடுத்தபின் அவர் எனக்கே பிடித்துப்போய்விட்டார்.)

அவர் செய்தது இவ்வளவுதான். இணையத்தில் இலவசமாகக் கிடந்ததை எடுத்துத் தன் கடையிலும் மாட்டினார். நாற்பதாயிரத்துக்குக் கேட்டுக் கிடைக்காதது கீழே கிடந்தால் யார்தான் குனிய மாட்டார்கள்? அடுத்த நாள் தெரு நடுவில் ஒல்லிப் பிளம்பர் இரண்டு உரையாடல்களையும் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். இரண்டுக்கும் 'வேண்டாம்' என்று அனுப்பினார். இரண்டும் ஒரே நொடியில், ஒரே குரலில், "அட, நில்லுங்க" என்றன. அவர் சிரித்த சிரிப்பில் அக்கா வெளியே வந்தாள். ஃபோனை வாங்கிப் பார்த்தாள். எதிர்க்கடையைப் பார்த்தாள். எதிர்க்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "உங்க தங்கச்சி தங்கமானவங்கம்மா. கேட்டதுக்கெல்லாம் உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க" என்றார், முழு நன்றியோடு.

8

பின்னறை. தங்கை நாற்காலியில். அக்கா நின்றுகொண்டு எழுதுகிறாள்.

நாலாவது படியை ஊருக்கே குடுத்துட்டியா?

"அக்கா, நான் தனியா பண்ணியிருந்தா அந்த வால்வு மாதிரிதான் ஆயிருக்கும். பதினேழு கடைக்காரங்க சேந்ததாலதான் —"

நாப்பதாயிரம் குடுக்கறேன்னார். நான் குடுக்கல.

"அவர் இன்னும் சேத்துக் குடுத்தா நீ சரின்னு சொல்லியிருப்பியா?"

எவ்வளவு குடுத்தாலும் குடுத்திருக்க மாட்டேன்.

"அப்ப என்ன நஷ்டம்? நம்ம வியாபாரம் இப்ப முன்னவிட நல்லாதானே போகுது? நீயே பாரு."

அக்கா நிறைய எழுதத் தொடங்கினாள். நிறுத்தினாள். தாளைப் புரட்டிவிட்டுக் கொஞ்சமாக எழுதினாள்:

தொண்டை போச்சு. எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்.

தங்கை ஏதோ சொல்வதற்குள் குறிப்பேட்டை மூடி, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். அதன் பிறகு தங்கைக்குத் தாள் எதுவும் வரவில்லை.

அடுத்த இரண்டு வாரத்தில் மருத்துவர் சொன்ன மூன்று மாதமும் முடிந்தது. மருத்துவர் பேசலாம் என்றார். அக்கா பேசினாள். குரல் மணலில் நடக்கிற மாதிரி இருந்தது, மதியத்துக்குள் தேய்ந்து நின்றுவிடும், ஆனாலும் பேசினாள். ஒல்லிப் பிளம்பரிடம் பேசினாள். எதிர்க்கடைக்காரரிடம்கூட, "வாங்க, நல்லாருக்கீங்களா" என்றாள். தங்கையிடம் மட்டும் ஒரு சொல் இல்லை. முன்னது மருத்துவர் சொன்ன மௌனம். இது அவளே போட்டது. தங்கை விடுப்பு முடிந்து அலுவலகம் போய்விட்டாள். மறுபாதிக் கதையை நான் ஏன் அலுவலக வாசலில் கேட்டேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

"பதினேழு தொழிலோட மௌனம் என் மெஷினுக்குத் தெரியும்," என்றாள். "எங்கக்கா எறங்கறாளா, போயே போயிட்டாளான்னு எனக்குத் தெரியல."

9

முடிவுகள்.

அ) தங்கை ஒருநாள் கடைக்குப் போகிறாள். அக்கா நிமிர்ந்து, "சாப்ட்டியா?" என்கிறாள். இருவரும் அழுகிறார்கள். (இதை எழுதி முடித்ததும் எனக்கே நெஞ்சடைத்தது. அதனால் விட்டுவிட்டேன். விற்கிறவனுக்கே கண் கலங்கினால் சரக்கில் கோளாறு.)

ஆ) தங்கை 'நாலாம்படி'யை இணையத்திலிருந்து எடுத்துவிடுகிறாள். அக்கா மன்னிக்கிறாள். (முடியாது. ஏற்கெனவே அறுநூறு பேர் எடுத்துப் போய்விட்டார்கள். தெருவில் இறைத்த கடுகைப் பொறுக்க நான் தயார், வாசகர்கள் காத்திருக்கத் தயாரா?)

இ) நடந்தது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம், நாலாம்படியின் பக்கத்தில், தவறுகளைச் சுட்டுகிற இடத்தில், புதிதாக ஒரு குறிப்பு வந்தது. எழுதியவர் பெயர்: கடைக்காரி. ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை.

'நாலாவது படி என்று எழுதியிருப்பது தப்பு வெயில் நாளில் மூன்று மழை நாளில் ஐந்து கையில் கனமான பை இருந்தால் கூப்பிடவே கூடாது இறங்கிப் போய் பையை வாங்கிக்கொள்ள வேண்டும் தெரியாமல் கட்டினால் இப்படித்தான் இன்னும் பதினொன்று இருக்கிறது'

தங்கை அலுவலகத்தில், நாலு பேர் பார்க்க, நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். உட்காராமலே தட்டிக் கேட்டாள்: 'மீதிப் பதினொன்றையும் சொல்ல முடியுமா?'

'சும்மா கிடையாது'

'என்ன விலை?'

'வாரம் மூன்று நாள் கடையில் உட்கார வேண்டும் மதியத்துக்கு மேல் என் குரல் வராது'

இலவசமாகக் கொடுக்கிற உலகத்தில், திருத்தத்துக்கு விலை கேட்ட முதல் ஆள் இவளாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிகிற பக்கம். மோட்டார் சைக்கிள்காரர் உடனே நுழைந்தார்: 'ரெண்டு நாள் பதில் போடாதீங்க.' குடைக் கடைக்காரி: 'ஒரு நாள்னு ஆரம்பிங்க.' எதிர்க்கடைக்காரர்: 'அரை நாள்னு ஆரம்பிக்கணும். அந்தம்மாவை எனக்குப் பதினாறு வருஷமா தெரியும்.' அவருக்கு அக்கா உடனே பதில் போட்டாள்: 'உங்கள் கடையைப் பாருங்கள்'

தங்கை எழுதினாள்: 'அரை நாள். சனிக்கிழமை. எனக்கு வேலை இருக்கு.'

'வேண்டாம் விடு'

அக்கா அந்தக் குறிப்பையே மூடிவிட்டாள். மூடலாம், அதற்கு அங்கே ஒரு பொத்தான் உண்டு. பக்கத்தில் சிவப்பாக 'முடிந்தது' என்று விழுந்தது.

கணினிக்குள் படி இல்லை. எத்தனை நிமிடம் விட வேண்டும், மூடியதை எப்போது மறுபடி திறக்க வேண்டும்? இயந்திரத்தைக் கேட்டிருக்கலாம். தங்கை அதை அணைத்து வைத்தாள். பாத்திரக் கடைப் பெண், 'இப்ப' என்று எழுதினாள். மோட்டார் சைக்கிள்காரர், 'இப்ப இல்ல' என்றார். தங்கை எதையும் படிக்கவில்லை. டீம் லீட் வந்து கூட்டம் தொடங்கிவிட்டது என்றார். "நீங்க போங்க, நான் எங்கக்காகிட்ட பேசிட்டிருக்கேன்" என்றாள்.

பிறகு, எந்தக் கணக்கும் இல்லாமல், பயத்தில், ரொம்ப சீக்கிரமாக, முதல் படியிலேயே கூப்பிடுகிறவள் மாதிரி, குறிப்பைத் திறந்து எழுதினாள்: 'ஒரு நாள். சனி முழுசும். போகாத.'

வியாபாரத்தில் இதைவிட மோசமாக ஒருவர் விட்டுக்கொடுக்க முடியாது. எதிர்க்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்.

அக்கா ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டாள்.

'இரண்டே முக்கால்'

10

இத்தோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். பேரம் இன்னும் நடக்கிறது. நினைத்தால் நானே நடுவில் ஒரு கோடு போட்டு, 'ஒன்றரை நாளுக்குப் படிந்தது' என்று எழுதிக் கதையைக் கட்டி உங்கள் கையில் கொடுத்துவிடலாம். எழுதிப் பார்த்தேன். தங்கைக்கு அனுப்பினேன்.

"அதை எடுத்துடுங்க," என்றாள்.

"ஏன், ஒண்ணரை அதிகமா?"

"படிஞ்சுட்டா அவ எழுதறதை நிறுத்திடுவா."

அதனால் எடுத்துவிட்டேன். உங்களுக்கு வேண்டுமானால் நீங்கள் முடித்துக்கொள்ளலாம். பக்கம் திறந்துதான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் நுழைந்து ஒரு தொகை சொல்லலாம். எதிர்க்கடைக்காரர் தினமும் சொல்கிறார். எங்கே மாற்றினீர்கள் என்பது மட்டும் தெரிகிற மாதிரி வையுங்கள்.

நான் இதை எழுதும் நேரத்தில் நிலவரம்:

அக்கா எழுதியவை — நாற்பத்தேழு குறிப்பு.
தங்கை எழுதியவை — ஐம்பத்திரண்டு.
வாய் திறந்து பேசியது — இருவரும் இல்லை.
அக்கா கேட்பது — வாரம் இரண்டு நாள்.
தங்கை சொல்வது — ஒன்றேகால்.
பாக்கி — முக்கால் நாள்.